வந்து வந்து போகும் சூடு

(கொல்கத்தாவில் தமிழ் ஓட்டுநர்களின் மாலை வகுப்பில் பேசியது)



இன்று வண்டி ஹீட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். கொல்கத்தாவில் ஹீட்டர் எதற்கு என்றுதானே? இங்கே ஜனவரி இரவில்கூடக் குளிர் 13, 14 டிகிரிதான். அதற்கே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லா போட்டுக்கொள்கிறது!

ஆனால் உங்களில் பலர் சிலிகுரிக்கு வண்டி ஓட்டுகிறீர்கள். அங்கிருந்து டார்ஜிலிங் ஏறுகிறீர்கள். டார்ஜிலிங் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் அங்கே 1, 2 டிகிரி வரை குளிர் இறங்கும். முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படியும். எதிரே வளைவு தெரியாது. அப்போது ஹீட்டர் வேண்டும். அதுவோ கொஞ்ச நேரம் வருகிறது, கொஞ்ச நேரம் போகிறது. என்ன செய்வது?

வண்டி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். நான் பகலில் பட்டறையில் வேலை செய்கிறவன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹீட்டருக்குத் தனி நெருப்பு கிடையாது. எஞ்சின் சூடாகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரும் சூடாகிறது. அந்தச் சுடுதண்ணீர் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து போகிறது. அங்கே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. ஒரு ஃபேன் அதன் மேல் காற்றை ஊதுகிறது. காற்று சூடாகி உங்கள் காலுக்கும் கண்ணாடிக்கும் வருகிறது. மின்சார வண்டிகளில் வேறு முறை. அதை இன்று விட்டுவிடுவோம்.

ஆக, இரண்டு வேலை நடக்க வேண்டும். தண்ணீர் வர வேண்டும். காற்று வர வேண்டும். சூடு நின்றதும் காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். காற்றே இல்லையா? அது கரண்ட் கோளாறு. காற்று வருகிறது, ஆனால் குளிர்ந்து வருகிறதா? பெரும்பாலும் அது தண்ணீர்க் கோளாறு.

இதைப் பார்க்காமல் சாமான் மாற்றக் கூடாது. ஒரு அண்ணன் வண்டிக்கு ஒரு பட்டறையில் ஃபேன் மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். பணம் போனது. சூடு வரவில்லை. பழைய மோட்டாரே காற்றை நன்றாக ஊதிக்கொண்டுதான் இருந்தது!

கரண்ட் கோளாறை முதலில் பார்ப்போம். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் ஃபேன் ஓடுகிறது, பிறகு நிற்கிறது என்றால் எங்கோ வயர் லூசாக இருக்கிறது. மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீர் தேங்குகிறதே, அதில் போன வண்டிகளில் வயர் சொருகும் இடம் பச்சை பூத்துக் கிடக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபியூஸ் சொருகும் இடத்தையும் பாருங்கள். மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறதா? உள்ளே கார்பன் தேய்ந்திருக்கும்.

இனித் தண்ணீர். இதுதான் முக்கியம்.

வண்டி ஓடும்போது சூடு வருகிறது. சிக்னலில் நின்றால் போய்விடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மறுபடி வருகிறது. இப்படி இருந்தால் முதலில் தண்ணீர் குறைவு என்று சந்தேகப்படுங்கள். ஏன்? பல வண்டிகளில் ஹீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அங்கேதான் முதலில் காற்று புகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்ப் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வேகம் குறைந்தால் தள்ள முடியவில்லை.

அதாவது ஹீட்டர் கெடவில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஹீட்டர் உங்களுக்குச் சொல்கிறது. டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் முடிய வேண்டியது எஞ்சின் வேலையில் போய் முடியும்.

அணைத்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மலையில் இன்னும் கவனம். டார்ஜிலிங் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு திறங்கள்.

ஊற்றும் முறை இதுதான். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும். ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வையுங்கள். கூலன்ட் கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வரும். மட்டம் இறங்கும். குமிழி நிற்கும்வரை ஊற்றி, மூடியைப் போடுங்கள்.

தண்ணீர் ஏன் குறைந்தது? அதையும் தேட வேண்டும். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றிலும் ஈரம் தெரிகிறதா பாருங்கள். கால் வைக்கும் இடம் ஈரமா? கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிகிறதா? சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது. வெளியே ஒழுக்கே இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது, புகை வெள்ளையாக வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிறைய இருந்தும் சூடு இல்லையா? எஞ்சின் சூடானபின் அணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் உள்ளே துரு அடைத்திருக்கும், அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் சூடு என்றால் காற்றைத் திருப்பும் தகடு மாட்டிக்கொண்டிருக்கும்.

இறக்கத்தில் மட்டும் சூடு போகிறது, முள்ளும் கீழே இறங்குகிறது. இது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்னக் கதவு அது. அது மூடாமல் நின்றிருக்கும். வெயில் ஊர்தானே என்று சிலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும். டீசல் வீணாகும்.

கோடையிலும் ஹீட்டர் உதவும். மே மாதம், ஹவுரா பாலத்தில் நெரிசல். முள் ஏறுகிறது. தண்ணீர் இருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியே போகும். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும். இறங்கி ஓரம் போகும்வரை எஞ்சின் தாங்கும்.

இன்னொன்று. ஹீட்டர் நின்றுவிட்டது என்று கேபினுக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். கண்ணாடியை மூடி எஞ்சினை ஓடவிட்டும் தூங்காதீர்கள். கரிப்புகையிலும் வண்டிப் புகையிலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தலை வலித்து, வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே வெளியே வாருங்கள். கம்பளி இரண்டு கூட எடுத்துப் போங்கள்.

நாளை பட்டறைக்குப் போகிறவர்கள் இன்று இரவே நோட்டில் நாலு வரி எழுதுங்கள். சூடு எப்போது வந்தது? எப்போது போனது? வண்டி நின்றதா, ஓடியதா? ஏற்றமா, இறக்கமா? முள் எங்கே இருந்தது? அதை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.