பள்ளியிறுதிப் பரீட்சையும் பிரவேசப் பரீட்சையும்

கல்வி ஆராய்ச்சி மாநாட்டுத் தலைமையுரை



இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அன்பர்களுக்கு மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பரீட்சைகளைக் கணித முறையில் ஆராய்ந்தவர்களும், வினாத்தாள் அமைப்பதிலும் விடைத்தாள் திருத்துவதிலும் தலை நரைத்தவர்களும் நிறைந்துள்ள இச்சபையில், முடிந்த முடிபு என்று எதையும் கூற நான் துணியமாட்டேன். நடக்கப்போகும் விவாதத்திற்கு ஓர் எல்லை வகுத்துக் கொடுப்பதும், ஆராய வேண்டியது இது, ஒதுக்க வேண்டியது இது என்று சுட்டிக் காட்டுவதுமே தலைமை ஸ்தானத்தில் இருப்பவனுடைய கடமை என்பது என் அபிப்பிராயம்.

கல்லூரியில் ஓரிடத்துக்குப் பலர் போட்டியிடும்போது, அவ்விடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு கொடுப்பதா, தனியே ஒரு நுழைவுத்தேர்வு வைத்து அதன் பலனைக் கொண்டு கொடுப்பதா என்பதே நம் முன் உள்ள பொருள். சட்டமன்றத்திலும், நீதிமன்றத்திலும், தெருமுனைக் கூட்டங்களிலும் இப்பொருள் எத்தனையோ முறை பேசப்பட்டிருந்தும், பேச்சு பெருகிய அளவுக்குத் தெளிவு பெருகவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இரு கட்சியாரும் மாணவனின் தகுதியைச் சரியாக அளப்பது எது என்ற ஒரே கேள்வியை எழுப்பி, அதற்குத் தத்தம் விடையைச் சொல்லி அமைந்துவிடுகிறார்கள். அளப்பதோடு பரீட்சையின் வேலை முடிந்துவிடுவதில்லை. மடை திறந்த பக்கம் நீர் பாய்வதுபோல, கல்லூரி இடத்தைத் தரும் அதிகாரம் எந்தப் பரீட்சையிடம் இருக்கிறதோ, அந்தப் பரீட்சையை நோக்கியே ஆசிரியரின் உழைப்பும், பெற்றோரின் பணமும், மாணவனின் இரவுகளும் பாய்கின்றன. ஆகவே, அவ்வாறு இழுத்துக்கொண்டபின் அந்தப் பரீட்சை பள்ளிக்கூடத்தை என்ன செய்கிறது என்பதையே நாம் முதலில் விசாரிக்க வேண்டும்.

இவ்விசாரணைக்கு நம்முடைய சென்னை ராஜதானியின் பழைய சரித்திரமே போதுமான சாட்சியம் தருகிறது. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபோது அது நடத்தத் தொடங்கிய மெட்ரிகுலேஷன், பெயரளவில் பள்ளிப் படிப்பின் முடிவாக இருந்தாலும், உண்மையில் சர்வகலாசாலை தன் வாசலில் அமைத்த பிரவேசப் பரீட்சையே ஆகும். கல்லூரியின் பக்கமே செல்லாத பிள்ளைகளும் கல்லூரிக்காக வகுத்த பாடத்தையே படிக்க நேர்ந்தது. இந்தக் குறையை நீக்கும் பொருட்டே 1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. முறை நம் மாகாணத்தில் ஏற்பட்டது. பள்ளியில் அவ்வப்போது மாணவன் பெற்ற மதிப்பெண்களும் பொதுப்பரீட்சை மதிப்பெண்களோடு ஒரே புத்தகத்தில் பதியப்பட வேண்டும் என்ற அதன் ஏற்பாடு, ஒரு நாளின் பரீட்சையைவிடப் பல ஆண்டுகளின் உழைப்புக்கு மதிப்புத் தரும் உயர்ந்த நோக்கம் உடையது. ஆனால், கல்லூரிகளும் உத்தியோக சாலைகளும் பொதுப்பரீட்சை மதிப்பெண்ணை மட்டுமே பார்த்தபடியால், பள்ளி மதிப்பெண் நாளடைவில் வெறும் சம்பிரதாயமாகத் தேய்ந்தது. 1948-ல் அமைந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் கமிஷனும், 1952-ல் அமைந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கமிஷனும் பரீட்சையின் ஆதிக்கத்தைக் குறைக்கும்படி சொல்லியும், ஆதிக்கம் குறையவில்லை.

1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பிறகு நிகழ்ந்தவை நம் நினைவில் இருப்பவை. அதற்கு முன்னரே, நேர்காணலுக்குக் கணிசமான மதிப்பெண் ஒதுக்கி, மருத்துவக் கல்லூரி இடங்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து நடத்திய தேர்வுமுறையைப் பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1971-ல் ஏற்க மறுத்தது. நேர்காணலில் சிபாரிசுக்கு இடமுண்டு என்ற சந்தேகம் பொதுமக்களிடம் வேரூன்றியிருந்தது. 1984-ல் தமிழ்நாட்டரசு நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்தபோது, எல்லோரும் ஒரே தாளை எழுதுவது நேர்காணலைவிட நியாயமானது என்று பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. பாடங்களுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300 என்று கட்-ஆஃப் கணக்கிட்ட காலத்தை இங்குள்ளோரில் பலர் மாணவர்களாகவே அனுபவித்திருப்பார்கள். பொதுத்தேர்வு முடிந்ததற்கும் நுழைவுத்தேர்வு நடப்பதற்கும் இடைப்பட்ட சில வாரங்களில், பட்டணத்துப் பிள்ளை பயிற்சி வகுப்புக்குச் சென்றான். கிராமத்துப் பிள்ளை, பட்டணத்தில் தங்க உறவினர் வீடு கிடைத்தால் சென்றான், கிடைக்காவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்தான். இந்த வித்தியாசத்தைக் கருதியே பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு நுழைவுத்தேர்வு வேண்டாமென்று பரிந்துரைக்க, 2006-ல் இயற்றிய சட்டம் 2007-ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில், பள்ளித் தேர்வின் பக்கம் நிற்பவர்கள் பேசாமல் கடந்துபோகும் ஒரு விஷயத்தை நான் பேசியாக வேண்டும். அதிகாரம் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் கைக்கு வந்த பத்தாண்டுகளில் அத்தேர்வு பள்ளிக்கு நன்மை மட்டுமே செய்தது என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தராது. பெருந்தொகை வாங்கும் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடம் பெயருக்கு நடந்தது. ஜூன் மாதத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கையில் ஏறியது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் புளூபிரிண்ட், பாடத்தைவிட முக்கியமான நூலாயிற்று. பாடத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும் வினாக்களை மட்டும் மனனம் செய்தவன் சென்டம் வாங்கினான். அவனே கல்லூரியின் முதலாண்டுக் கணிதத்தில் திணறினான். அந்நாளிலும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப்பள்ளி மாணவர் மிகச் சிலரே. 2017-ல் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியதும், பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும், 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியதும் இந்நோய்க்குச் செய்த சிகிச்சைகள்தாம். அவற்றுள் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையின்படி கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்தது நல்லதே. ஆயினும் பழைய வழக்கம் திரும்பிவர வழி திறந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத்தேர்வாகிய நீட், 2013-ல் உச்சநீதிமன்றத்தால் செல்லாதென்று தள்ளப்பட்டு, 2016-ல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, 2017 முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்த வரலாறு யாவரும் அறிந்தது. நாடு முழுதுக்கும் ஒரே தாள், தனியார் கல்லூரிகளின் தனித்தனித் தேர்வுகளுக்கும் பண வேட்டைக்கும் ஒரு முடிவு என்று அதன் ஆதரவாளர் கூறும் நியாயத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அதன் இழுப்பு எத்திசையில் சென்றது? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் மறுபடியும் முயன்று வந்தவர்கள் 2016-17-ல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து, 2020-21-ல் 71 விழுக்காடாக உயர்ந்தனர். அதாவது, பள்ளிப் படிப்பை முடித்தபின் ஓராண்டோ ஈராண்டோ வருமானமின்றி, கட்டணம் கட்டி வீட்டிலிருந்து படிக்கத்தக்க குடும்பத்துப் பிள்ளைக்கே இத்தேர்வு அனுகூலமாக அமைந்தது. அத்தகைய பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, தேறினால் போதும் என்ற அளவில் நின்றது; பள்ளி ஆசிரியர், பாவம், வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் உரியவரானார். அரசுப்பள்ளி மாணவருக்கு வழி திறந்தது தேர்வின் தன்மையால் அன்று. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2020-ல் இயற்றிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தால்தான்.

பிரவேசப் பரீட்சை நுட்பமாகத் தரம் பிரிக்கிறது என்ற வாதமும் சோதனைக்கு உரியது. டில்லிச் சர்வகலாசாலையின் சில கல்லூரிகள் 2021-ல் 100-க்கு 100 கட்-ஆஃப் வைத்ததைப் பார்த்து, பள்ளி மதிப்பெண் பயனற்றுப்போயிற்று என்று சொல்லி மறு ஆண்டே பொது நுழைவுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2024 நீட் தேர்விலோ, முதல் முடிவில் 67 பேரும் திருத்திய முடிவில் 17 பேரும் 720-க்கு 720 பெற்றார்கள். போட்டி முற்றும்போது எந்த அளவுகோலும் உச்சியில் மழுங்கிவிடும் என்பதற்கு இவ்விரண்டும் உதாரணம்.

இனி, நம் வீட்டு அளவுகோலைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன். பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்கு மதிப்பெண் கணக்கிடுகிறோம். இருவர் 195.5 என்று சமமாக நின்றால், முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிறந்த தேதியும் பிரித்துக் காட்டாதபோது, விண்ணப்பத்தோடு கணினி வழங்கிய ரேண்டம் எண் யாருக்குப் பெரியதோ அவர் முன்னே நிற்கிறார். இது ஒளிவுமறைவற்ற சீட்டுக் குலுக்கல். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 195.5 பெற்றவனுக்கும் 195 பெற்றவனுக்கும் இடையே உள்ள அரை மதிப்பெண், திருத்துபவரின் களைப்பாலும் நேரக்கூடியதாயிருக்க, அங்கே மட்டும் அதைத் தகுதியின் வித்தியாசமென்று நிர்ணயிக்கிறோமே, அதுதான் என் ஆட்சேபம்.

வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமப்படுத்தும் முறையும் அத்தகையதே. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, பிற வாரியத்தின் உச்ச மதிப்பெண் 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆகக் கொண்டு, அவ்வாரியத்தில் 60 பெற்றவருக்கு 66.66 தருகிறோம். லட்சக்கணக்கானோரின் நிலையை, உச்சியில் நிற்கும் ஒரே ஒருவரின் மதிப்பெண் தீர்மானிக்கிறது. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையே பள்ளியிறுதியாகவும் சர்வகலாசாலைக்குரிய வாயிலாகவும் இருப்பதால், அங்கே இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 1970-களில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர் மனத்தில் ஆழ்ந்த காயத்தை உண்டாக்கியதை நாம் அறிவோம். 2001-இலிருந்து அங்கே பின்பற்றும் இசட் மதிப்பு முறை, ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியையும் மதிப்பெண்களின் பரவலையும் கணக்கில் கொள்கிறது. அதன்பின் பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 விழுக்காடு மாவட்ட வாரியாகவும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் பகிரப்படுகிறது. அம்முறையும் குற்றமற்றதன்று. 2011-ஆம் ஆண்டுத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டபோது, அந்நாட்டு உச்சநீதிமன்றமே தலையிட்டு மறுகணக்கீடு செய்ய வைத்தது. ஆயினும், ஒருவரை மட்டும் பாராமல் எல்லோரையும் பார்க்கும் அதன் தத்துவம் நம் சட்டத்தின் சூத்திரத்தைவிட மேலானது.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தபின் நான் வந்தடைந்த கருத்து இது. இரண்டு பரீட்சைகளும் பள்ளியை வளைக்கும் சக்தியுள்ளவை. இரண்டுமே கெட்டுப்போகக் கூடியவை. ஆனால், பள்ளித் தேர்வு கெட்டால் அதைத் திருத்தும் சாதனங்களான பாடநூலும், வினாத்தாளும், ஆசிரியர் பயிற்சியும் அரசின் கையில் இருக்கின்றன; திருத்தியதன் பலனும், கல்லூரிக்குப் போகாத பிள்ளை உட்பட, வகுப்பில் உள்ள அனைவருக்கும் கிடைக்கிறது. நுழைவுத்தேர்வை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அதன் பலன் பயிற்சி நிலையத்தின் கதவுக்கு வெளியே வருவதில்லை. ஆதலால் அதிகாரம் பள்ளித் தேர்விடமே இருக்கட்டும் என்கிறேன். அதனோடு சில நிபந்தனைகளையும் விதிக்கிறேன். வினாத்தாளில் ஒரு பகுதியேனும் புத்தகத்தில் இல்லாத புதுக் கணக்காக, புதுச் சூழ்நிலையாக அமைய வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தை அறியாதவர் பன்னிரண்டாம் வகுப்புத் தாளை முழுதும் எழுத முடியாதபடி கேள்விகள் பின்னப்பட வேண்டும். வாரியங்களைச் சமப்படுத்தும் சூத்திரம் பரவலை அடிப்படையாகக் கொண்டு மாற வேண்டும். மதிப்பெண்ணை அரை, கால் என்று அறுக்காமல், நெருங்கிய மதிப்பெண்களை ஒரே படியில் வைத்து, அப்படியினுள் மாணவன் படித்த பள்ளியின் வசதிகளைக் கருதி முன்னுரிமை தருவது பற்றி ஆலோசிக்க வேண்டும்.

இந்நிபந்தனைகள் கூடிவராத இடங்களில், இரண்டையும் கலப்பது நல்ல சமரசம் என்று சிலர் கூறுவர். 2013 முதல் 2016 வரை பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வின் தரவரிசையில் பள்ளி மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு தந்து, பிறகு அதைக் கைவிட்டார்கள். அந்தச் சோதனை ஏன் நிலைக்கவில்லை என்பதை இம்மாநாட்டின் இரண்டாம் அமர்வு ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணால் கல்லூரிக்கு வந்தவரும், நுழைவுத்தேர்வால் வந்தவரும் கல்லூரியில் பின்னர் எவ்வாறு விளங்கினார்கள் என்பதைச் சொல்லும் பதிவுகள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலும் சர்வகலாசாலைகளிலும் தனித்தனியே கிடக்கின்றன. பெயரையும் முகவரியையும் நீக்கி அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டால், நாம் அபிப்பிராயங்களாக வாதாடிக்கொண்டிருக்கும் பலவற்றை உண்மைகளாக அறிந்துகொள்ளலாம். இவ்வேண்டுகோளை மாநாட்டின் முதல் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்புமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.