லாரி குடிக்கும் டீசலுக்கு டிரைவரா பொறுப்பு?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கனரக லாரியும் அது குடிக்கும் டீசலும். பஞ்சாலையிலும் வயலிலும் பாடுபடுகிற நமக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மில்லுக்குப் பஞ்சுப் பேல் வருவது லாரியில். நூல் மூட்டை வெளியே போவது லாரியில். வயலுக்கு உரம் வருவதும், நெல் ஆலைக்குப் போவதும் லாரியில்தான். அந்த லாரியை ஓட்டுகிற டிரைவர் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி.

பல இடங்களில் அந்த டிரைவரின் சம்பளத்திலும் படியிலும் "டீசல் குறைவு" என்று சொல்லிப் பணம் பிடிக்கிறார்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று முதலாளி ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அது குறைந்தால் குறைந்த டீசலின் விலை டிரைவர் தலையில் விழுகிறது. இது நியாயமா? கோபத்தோடு "இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. யந்திரத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். கதிரின் வேகம் தெரிந்த தொழிலாளியை வேலைப்பளு விஷயத்தில் எளிதில் ஏமாற்ற முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

குதிரைச் சக்தி என்றால் என்ன?

"பெரிய எஞ்சின், அதிகக் குதிரைச் சக்தி, ஆகவே அதிக டீசல்" என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் முழு மோசடி நடக்கிறது. ஆகவே முதலில் இதைப் பார்ப்போம்.

75 கிலோ எடையுள்ள ஒரு மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அது ஒரு குதிரைச் சக்தி. இதில் கவனிக்க வேண்டிய சொல் "ஒரு விநாடியில்" என்பது. குதிரைச் சக்தி வேலையின் அளவைச் சொல்வதில்லை. வேலை நடக்கிற வேகத்தைச் சொல்கிறது. களத்திலிருந்து பரண் மேல் நூறு மூட்டை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஏற்றினால் அரை நாள் ஆகும். நான்கு பேர் ஏற்றினால் கால் நாளில் முடியும். ஏறிய மூட்டை நூறுதான். செலவான மொத்த உழைப்பும் ஒன்றுதான்.

உலகத்தில் மிக அதிகச் சக்தியுள்ள லாரிகள் அன்றாட வேலை செய்கிற இடம் ஒன்றைப் பார்த்தால் இது விளங்கும். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் லாரியும் சரக்கும் சேர்ந்து 40 டன் என்பதுதான் பொதுவான வரம்பு. ஆனால் பின்லாந்து நாட்டில் 60 டன்னாக இருந்த வரம்பை 2013இல் 76 டன்னாக உயர்த்தினார்கள். பக்கத்து நாடான ஸ்வீடனில் 2018 முதல் குறிப்பிட்ட சாலைகளில் 74 டன் வரை அனுமதி உண்டு. காட்டில் வெட்டிய மரங்களை ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வது அங்கே பெரிய தொழில். இத்தகைய கனத்த சுமைகளுக்காக ஸ்கானியா கம்பெனி 2020இல் 770 குதிரைச் சக்தி எஞ்சினைக் கொண்டுவந்தது. வால்வோ கம்பெனி 2024இல் 780 குதிரைச் சக்தி எஞ்சினைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 55 டன் டிரெய்லர்களை இழுப்பவை பெரும்பாலும் 250, 300 குதிரைச் சக்தி எஞ்சின்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். 76 டன் லாரி சமதளச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஏறக்குறைய 200 குதிரைச் சக்தி இருந்தால் போதும். மீதி 570 என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை, தூங்குகிறது. எஞ்சினுக்குள் அந்த நேரத்து வேலைக்கு வேண்டிய டீசல்தான் பீய்ச்சப்படுகிறது.

ஏற்றம் வந்தால் என்ன ஆகும்? 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற சாலையில் 2 கிலோமீட்டர் போனால் லாரி 100 மீட்டர் உயரம் ஏறியிருக்கும். 76 டன்னை 100 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 5 லிட்டர் டீசல் வேண்டும். 770 குதிரைச் சக்தி எஞ்சின் அந்த ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஏறும். அதில் பாதிச் சக்தியுள்ள எஞ்சின் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறும். ஆனால் மலை கேட்கிற டீசல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அதிகச் சக்தி மிச்சப்படுத்துவது நேரத்தை.

அப்படியானால் எல்லா லாரிக்கும் பெரிய எஞ்சின் போட்டுவிடலாமா? கூடாது. பெரிய எஞ்சினுக்குச் சொந்த எடை அதிகம். உள்ளே உராய்வும் அதிகம். சிறிய சுமைக்குப் பெரிய எஞ்சினைப் பூட்டினால் அந்த உராய்வுக்கே டீசல் வீணாகும். சுமைக்கு ஏற்ற எஞ்சின் என்பதுதான் விதி. ஒரு கலப்பைக்கு நான்கு ஜோடி மாடு பூட்டுகிறவன் உண்டா?

கிலோமீட்டர் கணக்கும் டன் கணக்கும்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, 25 டன் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 டன் ஏற்றிய மற்றொரு லாரி 2 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. எது சிக்கனம்?

மைலேஜை மட்டும் பார்த்தால் முதல் லாரி. ஆனால் லாரி வெறும் கிலோமீட்டர் ஓடுவதற்காகவா இருக்கிறது? சரக்கைச் சுமப்பதற்காக இருக்கிறது. ஒரு லிட்டரில் முதல் லாரி 25 டன்னை 3 கிலோமீட்டர் கொண்டு போகிறது, பெருக்கினால் 75. இரண்டாவது லாரி 50 டன்னை 2 கிலோமீட்டர் கொண்டு போகிறது, பெருக்கினால் 100. ஆகவே மைலேஜ் குறைந்த லாரிதான் உண்மையில் சிக்கனமான லாரி!

லாரி வாடகையைப் பெரும்பாலும் டன் கணக்கில் வாங்குகிறார்கள். ஆனால் டிரைவரின் அபராதத்தைக் கிலோமீட்டர் கணக்கில் போடுகிறார்கள். சுமை கூடினால் வருமானம் முதலாளிக்கு. அதனால் மைலேஜ் குறைந்தால் நஷ்டம் டிரைவருக்கு. ஒரே லாரிக்கு இரண்டு தராசு! இதுதான் தோழர்களே, நாம் புரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம்.

2018இல் மத்திய சர்க்கார் லாரி அச்சுகள் தாங்கலாம் என்ற எடை வரம்பை உயர்த்தியது. பின்பக்கம் இரட்டை அச்சுக்கு 19 டன் என்று இருந்தது 21 டன் ஆயிற்று. சுமை இப்படி ஏறும்போது பழைய மைலேஜ் கணக்கையே டிரைவரிடம் கேட்டால், அது மாதாமாதம் நடக்கிற கூலி வெட்டு அல்லாமல் வேறென்ன?

டீசல் எங்கே போகிறது?

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினியரின் பெயர்தான் இந்த எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் நிலைத்தது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் நூறு பங்கு வெப்பத்தில் 26 பங்கு வேலையாக மாறியது. அன்றைய நீராவி யந்திரங்களை விட இது பெரிய முன்னேற்றம். இன்றைய நல்ல லாரி எஞ்சின் 40 முதல் 45 பங்கு வரை வேலையாக மாற்றுகிறது. சீன அரசுத் துறையைச் சேர்ந்த வைச்சாய் நிறுவனம் சோதனை மேடையில் 53 பங்கைத் தாண்டிவிட்டதாக 2024இல் அறிவித்தது. அந்த டீசல் 1903இல் ஒரு நூல் எழுதினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தாங்களே ஆலைகளுக்கு உடைமையாளர்கள் ஆக வேண்டும் என்பது அதன் கருத்து. அப்படிக் காசு சேர்த்து முதலாளித்துவத்தை மாற்றிவிட முடியாது என்பது நம் நிலை. ஆனாலும் தம் யந்திரத்தின் பயன் உழைப்பவனுக்குச் சேர வேண்டும் என்ற எண்ணம் அதைக் கண்டுபிடித்தவருக்கே இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சினில் வேலையாக மாறிய பங்கு சாலையில் எங்கே போகிறது?

முதலாவது, காற்று. வேகம் 60இலிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. "விடியற்காலையில் சரக்கு இறங்கியாக வேண்டும்" என்று விரட்டுகிறவர் யார்? டிரைவரா?

இரண்டாவது, டயர். சுமை ஏற ஏற, காற்று குறையக் குறைய, சாலை கெடக் கெட டீசல் கூடுதலாகப் போகும். தேய்ந்த டயரை மாற்ற வேண்டியவர் முதலாளி. குழி விழுந்த சாலையைச் செப்பனிட வேண்டியது சர்க்கார்.

மூன்றாவது, நின்று கிளம்புவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 55 டன் லாரியைப் பிரேக் போட்டு நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர சுமார் அரை லிட்டர் டீசல் செலவாகும். வழியில் 40 தடவை இப்படி நின்றால் 20 லிட்டர். குறுகிய ஊர்த் தெருவையும் போக்குவரத்து நெரிசலையும் டிரைவர் உண்டாக்கவில்லை.

நான்காவது, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது. சரக்கு இறக்கக் கிடங்கு வாசலில் வரிசையில் ஊர்ந்துகொண்டு நிற்கும்போதும் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் எரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். எஞ்சின் சூட்டில் வெந்த டிரைவர்களுக்கு இது வேண்டிய வசதி. ஆனால் அதுவும் டீசலில்தான் ஓடும். அந்த டீசலையும் டிரைவர் கணக்கில் எழுதினால், வசதியைக் கொடுத்துவிட்டுக் கூலியைப் பறித்ததாகும். காசுக்குப் பயந்து டிரைவரே அதை நிறுத்திவிட்டு வெந்துபோவார்.

டிரைவரின் கைப்பழக்கம் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தூரத்தில் சிக்னலைப் பார்த்ததும் காலை எடுப்பவர், ஏற்றத்துக்கு முன்பே சரியான கியருக்கு வருபவர், நிச்சயம் டீசலை மிச்சப்படுத்துகிறார். அது ஒரு தொழில் திறமை. திறமைக்குக் கூடுதல் கூலி கொடுக்கட்டும். திறமைசாலி மிச்சப்படுத்தினால் லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு, குறைந்தபோது மட்டும் டிரைவரிடம் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

சோதனையும் சாலையும்

12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளின் எரிபொருள் செலவுக்கு மத்திய சர்க்கார் 2017இல் வரையறை அறிவித்தது. அதற்கான சோதனையில் வண்டி மாறாத வேகத்தில், 40 கிலோமீட்டரிலும் 60 கிலோமீட்டரிலும் ஓட்டப்படுகிறது. ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு ஒப்பிட இது உதவும். ஆனால் எந்தச் சாலையில் லாரி மாறாத வேகத்தில் ஓடுகிறது? சோதனைக் கணக்கையும் விற்பனைக்காரரின் விளம்பரக் கணக்கையும் டிரைவரின் கூலிக் கணக்காக ஆக்கக் கூடாது.

மில் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. நல்ல பஞ்சு, சரியான ஈரப்பதம், பழுதில்லாத யந்திரம் என்று வைத்து உற்பத்திக் கணக்குப் போடுவார்கள். பிறகு மட்டமான பஞ்சைக் கொடுத்து, நூல் அறுந்தால் தொழிலாளியைக் குறை சொல்வார்கள். அறுவடைத் தோழர்களுக்கும் இது தெரியும். சாய்ந்த பயிரையும் நிற்கிற பயிரையும் ஒரே அளவில் அறுக்கச் சொன்னால் ஒப்புவோமா? லாரியில் அதே வித்தை மைலேஜ் என்ற பெயரில் வருகிறது.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: மைலேஜ் கணக்கை முதலாளி தனியாக நிர்ணயிக்கக் கூடாது. அதே லாரியில், அதே பாதையில், அதே சுமையோடு சங்கப் பிரதிநிதியை வைத்து ஓட்டிப் பார்த்து எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டும், காத்திருந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குப் படி வேண்டும்.

மூன்று: மிச்சமான டீசலில் டிரைவருக்கும் கிளீனருக்கும் பங்கு வேண்டும்.

நான்கு: விளக்கம் கேளாமல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. இது நம்முடைய புதிய கோரிக்கை அல்ல. தொழிலாளியின் அலட்சியத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதுவும் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே என்று 1936ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம். ஆனால் அதிலும் இந்த விதி இருக்கிறது. சட்டத்தில் இருப்பதைக் கேட்கவும் சங்கம் வேண்டும்.

தோழர்களே! லாரி டிரைவர் தனியாள். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். நூறு பேர் ஒரே வாசலில் கூடுகிற மில்லைப் போல அவருக்குச் சங்கம் கட்டுவது சுலபம் அல்ல. ஆனால் அவர் வந்து நிற்கும் இடம் நம்முடைய மில் வாசல். நம்முடைய நெல் களம். அவர் காத்து நிற்கும்போது போய்ப் பேசுங்கள். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் எடைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய கூலியில் பிடித்தத்தைத் தடுக்க அவரோடு நிற்பது நம் கடமை.