டயாலிஸிஸ் கதீட்டர்: வீட்டில் இருப்போர் அறிய வேண்டியவை
(நமது சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவன். என் தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். கையில் ஃபிஸ்டுலா சரியாக அமையாததால் கதீட்டர் மூலம் நடக்கிறது. துணைக்குப் போய் வந்ததில் கற்றதைச் சொல்கிறேன்.

கதீட்டர் என்பது கழுத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இருதயம் வரை செல்லும் மெல்லிய குழாய். வெளிமுனை பெரும்பாலும் வலது மார்பில் இருக்கும். அதாவது, வெளியிலிருந்து ரத்தத்துக்கு ஒரு நேர்வழி. கிருமி அதில் நுழைந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே அதைத் திறப்பதும் சுத்தம் செய்வதும் பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. அப்போது நர்ஸ், நோயாளி இருவரும் மாஸ்க் அணிய வேண்டும். கையுறையும் அவசியம். குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்தபின் அது தானாக உலர வேண்டும். ஊதவோ விசிறவோ கூடாது. மருந்து கிருமியைக் கொல்ல அந்த அவகாசம் தேவை. சில களிம்புகள் குழாயின் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

நம் வீடுகளில் சங்கடம் ஸ்நானத்தில்தான். ஈரம்தான் இங்கே முதல் சத்ரு. தலையோடு தண்ணீர் விட்டுக் கொள்வதும் நதியில் முழுகுவதும் கூடாது. கட்டு நனையாமல் ஈரத்துணியால் துடைத்துக் கொண்டால் போதும். இயலாதவர்களுக்கு மந்திர ஸ்நானம் என்று சாஸ்திரமே வழி வைத்திருக்கிறது. விபூதி, சந்தனம் கட்டின் அருகே வேண்டாம். கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ அடுத்த டயாலிஸிஸ் வரை காத்திராமல் போய் மாற்றிக் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அமாவாசை தர்ப்பணத்தில் பூணூலை வலது தோளுக்கு மாற்றும்போது அது குழாயில் மாட்டி இழுக்கக்கூடும். கூட ஒருவர் நின்று நிதானமாக மாற்றிவிடட்டும்.

மூடி கழன்றால் காற்று உள்ளே போகும். உடனே கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் நழுவி வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

சென்ற வருஷம் ஒரு நாள் டயாலிஸிஸ் முடிந்து வந்ததும் தம்பிக்குக் குளிர் நடுக்கம், ஜுரம். மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று இருக்காமல் இரவே அழைத்துச் சென்றோம். ரத்தத்தில் கிருமி. குழாயை மாற்றி, இரண்டு வாரம் ஊசி போட்டுத்தான் பிழைத்தான். "காலையில் வந்திருந்தால் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர். நான் சொல்ல வந்ததில் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: கதீட்டர் உள்ளவருக்கு ஜுரம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

கூடியவரை ஃபிஸ்டுலாவே உத்தமம். 1966-இல் அமெரிக்க டாக்டர்கள் பிரெஸ்சியா, சிமினோ முதலியோர் வெளியிட்ட முறை அது. இன்றும் அதற்கே முதலிடம். பக்குவப்பட வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆகவே சிறுநீரகம் பலவீனம் என்று தெரிந்ததுமே டாக்டரிடம் கேளுங்கள். அதற்கென்று குறித்த கையில் ஊசியோ பி.பி. பட்டையோ வேண்டாம்.