ஏடுகளில் ஒரு வரியாய் எஞ்சியவர்கள்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலை முதலாளி கணக்கேடுகளையும் கடிதங்களையும் உயிலையும் விட்டுச் சென்றார். அவரது நூற்பாலையில் உழைத்தவருக்கு அவை எவையும் இல்லை. அத்தொழிலாளியின் வழித்தோன்றல்கள் இன்று அவரைத் தேடினால், கிடைப்பவை திருச்சபையும் அரசும் தத்தம் தேவைக்காக எழுதிவைத்த சில வரிகளே.

1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையின்படி பங்கு ஆலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கின. 1754 முதல் மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. எழுத்தறியாதோர் சிலுவைக் குறி இட்டனர். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இடம்பெற்றது. 1837இல் பிறப்பு, இறப்புப் பதிவை அரசு மேற்கொண்டது.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது. ஆயினும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதப்பட்டது. முப்பத்துநான்கு வயதினர் முப்பது ஆனார். 1851இல்தான் பிறந்த ஊர் கேட்கப்பட்டது. அவ்வூரின் பெயரைக் கொண்டு பழைய பங்குப் பதிவேட்டைத் திறந்தால், மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளியின் தந்தை விவசாயக் கூலியாகவோ கைத்தறி நெசவாளராகவோ இருந்தது தெரியவரும். நிலத்தையும் தறியையும் இழந்தோர் ஆலைக்கு வந்த வரலாறு இவ்விரு ஏடுகளுக்கும் இடையே கிடக்கிறது.

அயர்லாந்திலிருந்து வந்தோருக்கோ, பெரும்பாலும் நாட்டின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான அயர்லாந்துக் கணக்கெடுப்பு ஏடுகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. தடம் அங்கே அறுபடுகிறது.

ஏங்கெல்சின் துணைவியார் மேரி பர்ன்ஸ் இத்தகைய அயர்லாந்துக் குடும்பத்தவர். 1863 ஜனவரியில் அவர் மறைந்தார். அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆலையில் உழைத்தாரா, வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாரா என்பதில்கூட வாழ்க்கை வரலாற்றாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. இருவரும் வாழ்ந்த வீடுகளோ வரி ஏடுகளில் போர்ட்மேன் என்ற புனைபெயரில் பதிவாயின. ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டுடன் ஒப்பிடாமல் எதையும் நம்பலாகாது என்பதற்கு இதுவே சான்று.

பெண்களின் நிலை இன்னும் கடினம். 1881 கணக்கெடுப்பு வகைப்பாட்டில், வீட்டு வேலை செய்த மனைவியர் தொழிலற்றோர் பிரிவில் சேர்க்கப்பட்டனர். வெற்றுக் கட்டம் உழைப்பின்மைக்குச் சான்றாகாது. எழுதியவரின் பார்வைக்கே சான்று. ஏடு சொல்லாததைக் கற்பனையால் நிரப்புவது வரலாறன்று. ஏட்டில் இல்லாததால் அவ்வுழைப்பே இல்லை என்பதும் வரலாறன்று.

ஆகவே தோழர்களே, கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது தொழில் பற்றிய கேள்விக்குப் பெண்களின் உழைப்பையும் சேர்த்தே விடை தரப்பட வேண்டும். சங்க உறுப்பினர் பதிவேட்டில் பெயரும் பிறந்த ஊரும் செய்யும் வேலையும் முழுமையாக எழுதப்பட வேண்டும். தொழிலாளர் தம்மைப் பற்றித் தம் கையாலேயே எழுதும் ஏடு அது.