தலைக்காயத்துக்குப் பிறகு தாம்பத்தியம்: டாக்டரிடம் கேட்கலாம்



சேமிப்பு, கடன் எல்லாம் காலையில பேசிட்டீங்க. நான் பேசப்போறது கொஞ்சம் கூச்சமான விஷயம். பின்வரிசை அக்காங்க இப்பவே சிரிக்கிறாங்க. சிரிங்க, பரவாயில்லை.

நம்ம வீட்டு ஆம்பளைங்க கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுலதான் பைக் ஓட்டுறாங்க. கம்பெனியில உயரத்துல ஏறி வேலை பார்க்கிறாங்க. தலையில அடிபட்டா ஸ்டான்லிக்கு ஓடுறோம். சாலை விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர்ல ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்தது. உயிர் பிழைச்சு வீட்டுக்கு வந்தா, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமா பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. கை தூக்குறாரா, நடக்கிறாரா, சாப்பிடுறாரான்னு எல்லாரும் கேட்கிறாங்க. புருஷன் பெண்டாட்டியா எப்படி இருக்கீங்கன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை.

டாக்டருக்கும் கூச்சம்தான். வேணும்னா நீங்களே கேட்பீங்கன்னு அவங்க இருக்காங்க, முக்கியம்னா அவங்களே சொல்வாங்கன்னு நீங்க இருக்கீங்க. அமெரிக்க மனநல நிபுணர் ஜாக் ஆனன் 1976-லயே இதுக்கு நாலு படி வகுத்தார். முதல் படி, ‘இதைப் பத்தி என்கிட்ட பேசலாம்’னு மருத்துவப் பணியாளரே வாய் திறந்து சொல்றது. அப்புறம் விவரம், அப்புறம் அவங்கவங்களுக்கு ஏத்த யோசனை. தேவைப்படுறவங்களுக்கு மட்டும்தான் கடைசியா தனிச் சிகிச்சை.

நெற்றிக்குப் பின்னால இருக்கிற மூளை, வண்டிக்கு பிரேக் மாதிரி. அது காயப்பட்டா சிலர் கூட்டத்துலயே கண்டதைப் பேசுவாங்க, தொடுவாங்க, ராத்திரியெல்லாம் தொந்தரவு பண்ணுவாங்க. அது காயத்தோட வேலை. வேப்பிலை அடிக்கிறதால போகாது. வேற சிலருக்கு ஆசையே அத்துப்போகும். மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது பாதிச்சா ஆண்களுக்கு ஆர்வம் குறையும், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும். ரத்தப் பரிசோதனையில கண்டுபிடிச்சு மருந்து கொடுக்கலாம். அடிபட்டவ பொண்ணா இருந்தா இன்னொண்ணும் கேட்கணும்: ஃபெனிட்டாயின், கார்பமசிப்பின் மாதிரி வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும்.

பார்த்துக்கிற மனைவி நிலைமையும் இருக்கே! காலையில மலம் ஜலம் எடுத்தவளை ராத்திரி பெண்டாட்டியா இருன்னா மனசு எங்கிருந்து வரும்? அதையும் டாக்டர்கிட்ட சொல்லலாம். காயத்தாலதான் அப்படிப் பண்றார்ங்கிறதுக்காக நீங்க இணங்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. சுருக்கமா, கோபமில்லாம ‘வேண்டாம்’னு சொல்லுங்க, வேற இடத்துல படுங்க. பலவந்தம்னா 181-க்கு போன் பண்ணுங்க.

இது சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு, முக்கியமா பெண்களுக்கு, பாலியல் மற்றும் இனப்பெருக்க ஆரோக்கியச் சேவை தரணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 25-வது பிரிவே சொல்லுது.

வாயால கேட்கக் கூச்சமா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஓ.பி. சீட்டோட சேர்த்துக் கொடுங்க. மாமியார் கூட வந்திருந்தா, ‘டாக்டர்கிட்ட தனியா பேசணும்’னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல என்னைத் தனியா வந்து பாருங்க, மாடிப்படி பக்கத்துலதான் இருப்பேன்.