அகநானூற்றுக் கலியாணம்

அகநானூறு 86-ஆவது பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கலியாணத்தைச் சொல்லுகிறார். உளுந்துப் பொங்கல், பந்தல், விளக்கு எல்லாம் உண்டு; நாள் நட்சத்திரமும் உண்டு; புரோகிதரும் ஓமமும் மட்டும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வரே மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள்.

இதை நாம் கூட்டங்களில் எடுத்துச் சொன்னால் ஆண்கள், "ஆகா, அன்றே புரோகிதரில்லை!" என்று கைதட்டுகிறார்கள். பெண்களோ, "கற்பு தவறாதே, கொண்டவன் விரும்பும்படி இரு என்று பெண்ணுக்கு மட்டுந்தானே வாழ்த்து? மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தையாவது உண்டா?" என்று கேட்கிறார்கள். கைதட்டினவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லக்கூடும்?

ஆகவே தோழர்களே, புரோகிதரை விலக்கிவிட்டதாலேயே பெண் விடுதலை அடைந்துவிட மாட்டாள். பழம்பாட்டேயானாலும் சரி, நமது வீட்டுக் கலியாணமேயானாலும் சரி, பெண்ணுக்குச் சொல்லும் புத்தியை ஆணுக்கும் சொல்ல வேண்டும். இல்லையேல் இருவருக்குமே வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம்.