வீட்டை நீட்டிக் கட்டுமுன் மண்ணைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கட்டட மேற்பார்வையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாமானில் ஒரு வரிசை வீட்டை வாங்கும் நம் குடும்பங்கள், சாவியைக் கையில் வாங்கிய அன்றே இரண்டு திட்டங்களைப் போட்டு விடுகின்றன. ஒன்று, பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டுவது. மற்றொன்று, முன்னால் கார் நிறுத்துமிடத்திற்குக் கூரை போடுவது. பிள்ளைகள் வளர்கிறார்கள், வயதான தாய் தந்தையர் உடன் வந்து தங்குகிறார்கள், இடம் போதவில்லை. இந்த ஆசை நியாயமானதுதான். ஆனால், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கட்டிய அதே பகுதியில்தான் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுவர் பிளக்கிறது, தரை இறங்குகிறது, கூரை ஒழுகுகிறது. மூல வீடு அப்படியே நிற்கிறது. புதிதாகக் கட்டியது மட்டும் பிரிந்து போகிறது. இது ஏன் என்பதைத்தான் இன்று முதலில் சொல்ல விரும்புகிறேன்.

புதிய சுவர் எதன் மேல் நிற்கிறது?

மேம்பாட்டாளர் கட்டிக் கொடுத்த வீடு, அந்த இடத்து மண்ணுக்கு ஏற்ப, பல இடங்களில் ஆழமாக இறக்கிய பைலிங் தூண்களின் மேல் நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடமோ பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். அதன் மேல் நீங்கள் பார்க்கும் காங்கிரீட் தளம் மூன்று நான்கு அங்குலக் கனம்தான் இருக்கும். அது நடப்பதற்கும் துணி உலர்த்துவதற்கும் போட்டது. சுவரைத் தாங்குவதற்குப் போட்டதல்ல.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இருபுறமும் பூசிய அரைச் செங்கல் சுவர், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 260 கிலோ எடை. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு சுவர் 12 சதுர மீட்டர். அதாவது மூன்று டன்னுக்கு மேல். மூன்று சிறிய கார்களை ஒன்றன் மேல் ஒன்றாக அந்த மெல்லிய தளத்தின் ஓரத்தில் அடுக்கி வைத்தது போல. மண் இறங்காமல் என்ன செய்யும்?

கிள்ளான் பக்கம் கடலோரக் களிமண், கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈய லம்பத்து நிலம் என்று நம் நாட்டில் மிருதுவான மண்ணுக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பைலிங் இல்லாமல் கட்டுவது ஆபத்து. "பாக்காவ் கட்டை இறக்கினால் போதும், மலிவு" என்று சில குத்தகையாளர்கள் சொல்வார்கள். பாக்காவ் கட்டை எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே மூழ்கியிருந்தால் நீண்ட காலம் நிலைக்கும். நீர்மட்டத்திற்கு மேலே தலை நீட்டிக் கொண்டிருந்தால் உளுத்துப் போகும். மேலும், குட்டைக் கட்டை கெட்டி மண்ணை எட்டுவதில்லை. எனவே எந்தப் பைல், எத்தனை அடி என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும்.

இன்னொரு முக்கியமான செய்தி. புதிய பகுதியின் உத்திரத்தைப் பழைய சுவரில் ஓட்டை போட்டு ஏற்றி வைக்காதீர்கள். பழையது அசையாது, புதியது சற்றே இறங்கும். இரண்டையும் கட்டிப் போட்டால் நடுவில் பிளக்கும். புதிய பகுதிக்குத் தனித் தூண், தனிக் கடைக்கால் கொடுங்கள். பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே அரை அங்குல இடைவெளி விட்டு, அமுங்கிக் கொடுக்கும் பொருளால் நிரப்பி, மேலே வளையும் தன்மையுள்ள சீலண்ட் அடையுங்கள். அசைவு இருந்தாலும் அது அந்தக் கோட்டோடு நின்று விடும்.

ஏற்கெனவே வெடிப்பு உள்ளவர்கள் பதற வேண்டாம். பூச்சில் மயிரிழை போல ஓடும் வெடிப்பு, சாந்து உலரும் போது வருவது. செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பும், ஒரு முனையில் அகன்று மறு முனையில் குறுகும் வெடிப்பும்தான் மண் இறங்குவதைக் காட்டுபவை. வெடிப்பின் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைத் தூரத்தை அளந்து, தேதியை எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். கூடிக் கொண்டே போனால், சாந்து பூசி மறைப்பதில் பயனில்லை; பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

அனுமதி வெறும் காகிதமல்ல

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70-ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது. "பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல்தானே கட்டினார்" என்பது மன்றத்தின் முன் எடுபடாது. அபராதமும் வரலாம், இடிக்கும் உத்தரவும் வரலாம். வீட்டை விற்கும் போது, அனுமதியில்லாத பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமலும் விடலாம்.

அனுமதிக்குப் பின்னால் உடல்நலமும் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணை விதிகள், குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையாத சன்னலும், அதே தரைப் பரப்பில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத, காற்று தடையின்றிப் புகும் திறப்பும் வேண்டும் என்கின்றன. பின்புறம் முழுவதையும் எல்லைச் சுவர் வரை அடைத்துக் கட்டும்போது என்ன ஆகிறது? பழைய சமையலறையும் அதை ஒட்டிய அறையும் சன்னல் இல்லாத இருட்டறைகளாகின்றன. தீ விபத்து நேர்ந்தால் பின்பக்கமாக ஓட வழியும் இல்லை. ஆகவே சிறிதளவாவது திறந்த வெளி விடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழி மூடி இருந்தால் அதன் மேல் மொசைக் ஒட்டி மறைத்து விடாதீர்கள். ஒரு நாள் குழாய் அடைத்துக் கொண்டால், புதுத் தரையை உடைத்துத்தான் அதைத் தேட வேண்டி வரும்.

இடிக்குமுன் நில்லுங்கள்

"இந்தச் சுவரை எடுத்து விட்டால் விசாலமாகி விடும்" என்று சொல்வது எளிது. பல வரிசை வீடுகளில் தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்குகின்றன. இடையில் உள்ள செங்கல் வெறும் தடுப்பு. ஆனால் பழைய வீடுகள் சிலவற்றில் சுவரே மாடியைத் தாங்குகிறது. தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளால் கட்டப்பட்ட புதிய வீடுகள் பலவற்றிலும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. மூல வரைபடத்தைப் பாருங்கள். இரு வீடுகளுக்குப் பொதுவான சுவர் உங்களுடையது மட்டுமல்ல. அதைக் கொத்துவதற்கு முன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலைக்கு முன் அவர்கள் பக்கத்துச் சுவரை அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். பின்னால் வரக்கூடிய சண்டையை அந்தப் படம் தடுக்கும்.

நீங்களே செய்யக் கூடியது எது?

கைவேலை தெரிந்த நேயர்கள் பலர் இருக்கிறீர்கள். பூந்தொட்டிச் சுவர், சிறு வடிகால், சமையல் மேடையின் கால் சுவர், பூச்சுப் பழுது போன்றவற்றை வார இறுதியில் தாராளமாகச் செய்யலாம். கடைக்கால், தூண், உத்திரம், மாடிச் சுவர் ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

அரைச் செங்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 60 செங்கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டிக் கொள்ளுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் சாதாரணச் சுவருக்குப் போதும். மணலைச் சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மேலே உப்பு கலந்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேற்று அடுக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணல் வேண்டாம். கடல் மணலைத் தொடவே வேண்டாம். அதன் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

செங்கலை நனைத்துப் பயன்படுத்துங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சி விடும், பிடிப்பு இருக்காது. மூலைகளை முதலில் எழுப்பி, நூல் கட்டி, வரிசைக்கு வரிசை தூக்குக் குண்டு பிடியுங்கள். ஒரே நாளில் நான்கு அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஈரச் சாந்து பாரத்தில் பிதுங்கும். தூணும் செங்கலும் சந்திக்கும் இடத்தில் கம்பி வலை வைத்துப் பூசுங்கள். பூச்சு வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

காங்கிரீட் கலக்கும் போது நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு தண்ணீர். ஒரு 50 கிலோ மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் நல்ல அளவு. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. வாரி ஊற்ற வசதியாக இருக்கிறது என்று ரப்பர் குழாயைத் திறந்து விட்டால், கூடுதல் தண்ணீர் பின்னர் ஆவியாகி, அது இருந்த இடம் துளையாகி விடுகிறது. பலம் போய் விடும். ஆனால் இறுகிய பிறகு கதை வேறு. குறைந்தது ஏழு நாட்கள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக் கொண்டே இருங்கள். கலக்கும் போது தண்ணீரில் சிக்கனம், இறுகிய பின் தாராளம்.

தரை போடுமுன் மூன்று வேலைகள்: மண்ணை நன்றாக இடித்து இறுக்குவது, கரையான் மருந்து அடிப்பது, பிளாஸ்டிக் விரிப்புப் போடுவது. இவற்றை விட்டு விட்டால் பிறகு தரையை உடைக்காமல் செய்ய முடியாது.

மழையும் பணமும்

நீட்டிய பகுதி ஒழுகுவது பெரும்பாலும் பழைய சுவரும் புதிய கூரையும் சந்திக்கும் இடத்தில்தான். அங்கே சுவரைக் கீறி, உலோகத் தகட்டைச் செருகி மடித்து அடைக்க வேண்டும். வெறும் சிலிக்கான் தடவினால் வெயிலில் பிரிந்து விடும். நம் ஊர் அடைமழைக்கு அகலமான பீலி போடுங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழக் கூடாது.

கடைசியாகப் பணம். சி.ஐ.டி.பி.-யில் பதிவு பெற்ற குத்தகையாளரா என்று கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: என்ன பைல், எத்தனை, கம்பி எந்த அளவு, சிமெண்டு என்ன, எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "சமையலறை நீட்டிப்பு, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதியது ஒப்பந்தமாகாது. முன்பணமாகப் பாதியைக் கொடுத்து விடாதீர்கள். கடைக்கால் முடிந்ததும் இவ்வளவு, சுவர் முடிந்ததும் இவ்வளவு என்று வேலைக்கு ஏற்பக் கொடுங்கள். ஒரு பகுதியைச் சில மாதம் நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் கடந்த பின் கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் உரிமைக்கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு கொண்டு செல்லலாம். ரசீதும் ஒப்பந்தமும் படங்களும் கையில் இருந்தால்தான் பேச முடியும்.

நேயர்களே, செலவைக் குறைக்க வேண்டி வந்தால் எதைக் குறைப்பது? விலை உயர்ந்த டைல்ஸைக் குறையுங்கள், அலமாரியைக் குறையுங்கள், அலங்காரச் சீலிங்கைத் தள்ளிப் போடுங்கள். இவற்றையெல்லாம் அடுத்த ஆண்டு வாங்கிக் கொள்ளலாம். கடைக்காலை அடுத்த ஆண்டு போட முடியாது. மொத்தப் பணமும் போதவில்லையென்றால் பத்தடியை ஆறடியாகக் குறைத்துக் கட்டுங்கள். ஆனால் அந்த ஆறடியை உறுதியாகக் கட்டுங்கள். உங்கள் தாயாரும் பிள்ளைகளும் அதற்குக் கீழேதான் உறங்கப் போகிறார்கள்.